பழைய பிளேஸ்டேஷன் 2-க்கு ஹார்ட் டிஸ்க் பொருத்திய அனுபவம்

பிளேஸ்டேஷன் 2-இன் பெரிய மாடலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். அதைக் கழற்றினால் உள்ளே 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று அப்படியே நுழையக்கூடிய காலி அறை இருக்கும். 2000-இல் இந்தக் கன்சோலை வெளியிட்ட சோனி நிறுவனம் இதை வெறும் விளையாட்டுப் பெட்டியாக மட்டும் எண்ணவில்லை. இணையத்தோடும் ஹார்ட் டிஸ்க்கோடும் சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு வீட்டுக் கணினியாகவும் அது வளரும் என்று எதிர்பார்த்தே இந்த இடத்தை ஒதுக்கியது. 2002-இல் வந்த, லினக்ஸ் இயங்குதளத்தைக் கன்சோலில் நிறுவும் தொகுப்பும், ஜப்பானில் அதே ஆண்டிலும் அமெரிக்காவில் 2004-லும் வெளியான ஃபைனல் ஃபேண்டஸி 11 என்ற இணைய விளையாட்டும் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை நம்பியே இயங்கின. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அது பரவவில்லை. 2004-இல் வந்த மெல்லிய மாடலில் அந்த அறையே எடுக்கப்பட்டுவிட்டது. நம் ஊரில் விற்ற பெரிய மாடல்களில் பெரும்பாலானவை அந்த மூடியை ஒருமுறைகூடத் திறக்காமலேயே காலத்தைக் கழித்தவை.

அந்த அறையை இப்போது நிரப்ப வேண்டிய தேவை எனக்கு லென்ஸ் வழியாக வந்தது. இந்த மாடலின் பலவீனமான உறுப்பு அதன் லேசர் லென்ஸ்தான். பர்மா பஜாரில் வாங்கிய என் பெட்டி, நீல அடிப்பாகம் கொண்ட சிடி விளையாட்டுகளைப் படிப்பதை முதலில் நிறுத்தியது. பிறகு இரட்டை அடுக்கு டிவிடிகளில் பாதியில் நின்றது. கடைசியில் நல்ல டிஸ்க்கையும் படிக்க முடியவில்லை என்று திரையில் காட்டத் தொடங்கியது. லென்ஸை மாற்றலாம்; ஆனால் இன்று கிடைக்கும் மாற்று லென்ஸ்களின் தரம் சீராக இல்லை, மாற்றிய பிறகு அதன் மின்னோட்டத்தையும் சாய்வையும் சரிசெய்யத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. இதோடு சென்னையின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தை ஒட்டி அலமாரியில் கிடந்த டிஸ்க்குகளில் பூஞ்சை படர்ந்து, மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்த பிறகே சில டிஸ்க்குகள் படிக்கக்கூடிய நிலைக்கு வந்தன. டிஸ்க்கும் லென்ஸும் ஒருசேர மூப்படையும்போது, விளையாட்டுகளை இன்னும் படிக்க முடிகிற காலத்திலேயே ஒருமுறை பிரதியெடுத்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்வதுதான் இந்தக் கன்சோலுக்குச் செய்யக்கூடிய சிறந்த வைத்தியம் என்பது என் உறுதியான கருத்து.

வேறு வழிகளும் உண்டு. முன்பக்கத்தில் யூஎஸ்பி துளைகள் இருக்கின்றனவே, ஒரு பென் டிரைவ் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். அந்தத் துளைகள் யூஎஸ்பி 1.1 வகையைச் சேர்ந்தவை. நொடிக்கு 12 மெகாபிட் என்பது கோட்பாட்டளவில்கூட 1.5 எம்பிதான், நடைமுறையில் சுமார் 1 எம்பி. கன்சோலின் சொந்த டிவிடி டிரைவ் 4 மடங்கு வேகத்தில், நொடிக்குச் சுமார் 5.3 எம்பி படிக்கக்கூடியது. ஆகவே டிவிடியை நம்பி எழுதப்பட்ட விளையாட்டை யூஎஸ்பி வழியாக ஓட்டினால் இடையில் வரும் காணொளிக் காட்சிகள் திக்கித்திக்கி நகரும், பின்னணி இசை அறுந்து அறுந்து ஒலிக்கும். வீட்டு நெட்வொர்க் வழியாகக் கணினியிலிருந்து ஓட்டுவது இதைவிட மேல். ஆனால் விளையாடும் நேரமெல்லாம் கணினியும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பின்பக்க அறையில் உள்ள ஐடிஈ என்ற பழைய வகை ஹார்ட் டிஸ்க் இணைப்பு ஒன்றுதான் டிவிடி டிரைவின் வேகத்தைத் தாராளமாகத் தாண்டுகிறது, வேறெதையும் சார்ந்து நிற்பதுமில்லை.

அந்த இணைப்பைப் பெற நெட்வொர்க் அடாப்டர் என்ற துணைக்கருவி வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கன்சோலுக்குள் நேரடியாகச் செருக முடியாது. பின்பக்க அறையின் வாயை மூடும் இந்த அடாப்டரின் ஒரு முகம் கன்சோலின் விரிவாக்க இணைப்பில் பொருந்தும். அதன் உட்புறத்தில் ஹார்ட் டிஸ்க்குக்கான 40 முனை ஐடிஈ இணைப்பும் நான்கு முனை மின் இணைப்பும் இருக்கும். வெளிப்புறத்தில் ஈதர்நெட் துளை இருக்கும். இது சென்னைக் கடைகளில் கிடைப்பது அரிது. என்னிடம் உள்ளது, அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சோனியின் அசல் அடாப்டர். தொலைபேசி மோடம் துளையும் சேர்ந்தே உள்ள வகை. அமெரிக்க அடாப்டர் நம் ஊர் பால் (PAL) தொலைக்காட்சி முறைக் கன்சோலில் வேலை செய்யுமா என்ற தயக்கம் எனக்கு முதலில் இருந்தது. இதில் மண்டல வேறுபாடு எதுவும் குறுக்கிடவில்லை. மின்சாரத்தையும் அது கன்சோலின் உள்ளிருந்தே எடுத்துக்கொள்வதால் 110 வோல்ட், 230 வோல்ட் என்ற சிக்கலும் இல்லை. ஈதர்நெட் இல்லாமல் நேரடியாக சாட்டா என்ற புதிய வகை ஹார்ட் டிஸ்க் இணைப்போடு வரும் மலிவான மாற்று அடாப்டர்களும் இணையக் கடைகளில் விற்கின்றன. ஹார்ட் டிஸ்க் மட்டும் போதும் என்பவர்களுக்கு அவை பயன்படும். ஆனால் பிறகு நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை அனுப்பும் வசதியை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐடிஈ ஹார்ட் டிஸ்க் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. பழையதாகக் கிடைப்பவை இந்தக் கன்சோலின் வயதை ஒட்டியவை. எனவே அடாப்டரின் உள்ளே உள்ள ஐடிஈ சர்க்யூட் பலகையைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் சாட்டா இணைப்புள்ள மாற்றுப் பலகையைப் பொருத்தினேன். சாலிடரிங் எதுவும் தேவைப்படவில்லை. அடாப்டரின் சில திருகுகளைக் கழற்றி, உலோகத் தகட்டை விலக்கி, பழைய பலகையைச் சாய்க்காமல் நேராக மேலே இழுத்து, புதியதை அதே இணைப்பில் அமுக்கினால் முடிந்தது. பழைய பலகையைத் தூக்கி எறிய வேண்டாம். சாட்டா பலகை என்றாவது மக்கர் செய்தால் மீண்டும் அசல் நிலைக்குத் திரும்ப அது ஒன்றே வழி.

ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் செலவிட வேண்டியிருந்தது. முதலில் அளவு. இந்தக் கன்சோலுக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள், டிஸ்க்கின் சிறு துண்டான ஒவ்வொரு செக்டரையும் 32 பிட் எண்ணால் குறிப்பதால், 512 பைட் செக்டர் கணக்கில் 2 டிபி வரைதான் பயன்படுத்த முடியும். அவ்வளவு பெரியது தேவையும் இல்லை. ஒற்றை அடுக்கு டிவிடி முழுவதுமாக நிரம்பியிருந்தால்கூட 4.7 ஜிபிதான், ஆகவே 500 ஜிபியில் நூறு விளையாட்டுகள் அடங்கும், பல விளையாட்டுகள் அதில் பாதி அளவைக்கூட எட்டுவதில்லை என்பதால் உண்மையில் அதைவிட அதிகமாகவே அடங்கும். அடுத்தது மின்சாரம். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் வழியில் 2 ஆம்பியர் வரைகூட இழுக்கக்கூடும். இருபது ஆண்டு கடந்த ஒரு மின்வழங்கியிடம் அதைத் தினமும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லேப்டாப்பில் இருக்கும் 2.5 அங்குல டிஸ்க் 5 வோல்ட்டில் மட்டும் இயங்குகிறது, தொடக்கத்திலும் சுமார் 1 ஆம்பியரோடு நின்றுகொள்கிறது, வெப்பமும் குறைவாகவே வெளியிடுகிறது. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் விளையாடப்போகும் ஒரு பெட்டிக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதுமானது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியையும் யோசித்தேன். சத்தமும் வெப்பமும் இன்னும் குறையும் என்பது உண்மையே. ஆனால் இந்தக் கன்சோலின் இணைப்பு வேகத்தில் எஸ்எஸ்டியின் முழு ஆற்றலுக்கு வேலையில்லை. மாற்றுப் பலகைகள் எல்லா எஸ்எஸ்டிகளோடும் ஒத்துப்போவதும் இல்லை.

ரிச்சி தெருவில் பழைய 500 ஜிபி லேப்டாப் டிஸ்க்குகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒரு கடைக்காரர், "சார், 3.5 இஞ்ச்சே எடுத்துக்கங்க, சிசிடிவி டிவிஆர்ல இருந்து கழட்டினது, விலையும் கம்மி" என்று பரிந்துரைத்தார். கண்காணிப்புக் கேமரா பெட்டியில் இருந்த டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருந்திருக்கும் என்பதால் அதை மறுத்துவிட்டேன். எந்த டிஸ்க்காக இருந்தாலும் கடையிலேயே கணினியில் இணைத்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பழுதாகி இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், பழுதோ என்ற சந்தேகத்தில் காத்திருப்பில் உள்ள செக்டர்கள் ஆகிய இரண்டு எண்களும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். மொத்தம் இயங்கிய மணிநேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்க்க விடாத கடையை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது. அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.

2.5 அங்குல டிஸ்க் அந்தப் பெரிய அறையில் தளர்வாக ஆடும். சாட்டா இணைப்பு மட்டுமே அதைத் தாங்கி நிற்கும்படி விட்டால், கன்சோலை ஒருமுறை நகர்த்தினாலே இணைப்பு முறியலாம். எனவே இதற்கென்றே உள்ள தாங்கியை 3டி அச்சில் எடுத்து, டிஸ்க்கை அதில் திருகி, சரியான உயரத்தில் அடாப்டரோடு சேர்த்தேன். பொருத்துவதற்கு முன் அறையைச் சுத்தம் செய்தாக வேண்டும். நம் ஊரில் பல பெட்டிகளில் அந்தப் பிளாஸ்டிக் மூடி எப்போதோ தொலைந்து, அந்தத் திறப்பு வழியாகக் கரப்பான் பூச்சிகள் குடியேறியிருக்கும். கதகதப்பான இருட்டறையை அவை எளிதில் விடுவதில்லை. மூடி இருந்த என் பெட்டியிலேயே தூசி ஒரு படலமாகப் படிந்திருந்தது. மென்மையான தூரிகையால் அதை நீக்கி, விரிவாக்க இணைப்பின் உலோக முனைகளை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். கடற்காற்று படும் பகுதிகளில் இருப்பவர்கள் முனைகளில் பச்சை படர்ந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். அதன்பின் டிஸ்க்கோடு சேர்ந்த அடாப்டரை நேராக உள்ளே தள்ளி, இரு பக்கத்துப் பெரிய திருகுகளையும் ஒரு நாணயத்தால் மாறி மாறி இறுக்கினேன். ஒரு பக்கத்தை மட்டும் முதலிலேயே முழுவதுமாக இறுக்கினால் இணைப்பு கோணலாக உட்காரும்.

இதுவரை செய்தது வன்பொருள் வேலை. கன்சோலைப் பொறுத்தவரை அங்கே ஒரு டிஸ்க் இருப்பதே இன்னும் அதற்குப் பயனற்ற செய்திதான். வெளி மென்பொருளை இயக்க அதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைத் திறப்பது விளையாட்டுச் சேமிப்புகளுக்கான 8 எம்பி மெமரி கார்டில் நிறுவப்படும் ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருள். டிவிடி இயக்கி மென்பொருளை மெமரி கார்டு வழியாகப் புதுப்பிக்க சோனி ஓர் ஏற்பாட்டைக் கன்சோலுக்குள் வைத்திருந்தது. கன்சோல் தொடங்கும்போது கார்டில் அத்தகைய புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே முதலில் இயக்கும். ஃப்ரீ மெக்பூட் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பெட்டியைத் திறக்காமல், சிப் எதுவும் பதிக்காமல் வேலை முடிகிறது. ஏற்கனவே நிறுவிய கார்டு இணையத்தில் விற்கிறது. அல்லது இப்படி மாற்றிய இன்னொரு கன்சோலில் உங்கள் அசல் கார்டைச் செருகி நிறுவிக்கொள்ளலாம். நான் நண்பர் ஒருவரின் கன்சோலில் இரண்டாவது முறையில் செய்தேன். காரணம், மலிவான போலி கார்டுகளில் சேமிப்புகள் திடீரென அழிவது சகஜம். கார்டே இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே தொடங்கும் ஃப்ரீ எச்டிபூட் என்ற வடிவமும் பெரிய மாடலுக்கு உண்டு.

கார்டு வேலை செய்ததும் யூலாஞ்ச்எல்ஃப் என்ற கோப்பு மேலாளரைத் திறந்து, இதர வசதிகள் பகுதியில் உள்ள எச்டிடி மேனேஜருக்குள் சென்று, ஆர்1 பொத்தானை அழுத்தி வரும் பட்டியலில் ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே நடப்பது விண்டோஸில் நாம் செய்யும் ஃபார்மேட் அல்ல. ஏபிஏ என்ற இந்தக் கன்சோலுக்கே உரிய பகுப்பு முறை டிஸ்க்கில் எழுதப்படுகிறது. அதன் மிகச்சிறிய பகுதி 128 எம்பி. கன்சோலின் சொந்தத் தேவைகளுக்கான சில பகுதிகள் தாமாக உருவாகின்றன. மீதி இடம் விளையாட்டுகளுக்கு விடப்படுகிறது. இந்த முறையை விண்டோஸ் அறியாது. இதிலிருந்துதான் இந்த வேலையிலேயே மிகவும் ஆபத்தான தருணம் பிறக்கிறது: டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் இணைத்தவுடன், டிஸ்க்கைத் தயார்படுத்தட்டுமா என்று விண்டோஸ் மிகப் பணிவாகக் கேட்கும். ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. சம்மதித்தால் தொடக்கப் பகுதியில் விண்டோஸ் தன் அடையாளத்தை எழுதிவிடும். கன்சோல் அந்த டிஸ்க்கை அடையாளம் காணாமல் போகும். வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்தும் கணினி என்றால், டிஸ்க் இணைந்திருக்கும் நேரத்தில் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

விளையாட்டுகளைப் பிரதியெடுப்பதைக் கன்சோலிலேயே செய்ய முடியும். ஆனால் ஏற்கனவே தளர்ந்த லென்ஸிடம் முழு டிஸ்க்கையும் படிக்கச் சொல்வது அதன் மீதி ஆயுளையும் வாங்கிவிடும். கணினியின் டிவிடி டிரைவ் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது. என் அனுபவத்தில் கன்சோல் கைவிட்ட பல டிஸ்க்குகளை அது தயக்கமின்றிப் படித்தது. டிவிடி விளையாட்டுகளை ஐஎஸ்ஓ என்ற ஒற்றைப் பிரதிக் கோப்பாக எடுத்தால் போதும். நீல அடிப்பாகம் கொண்ட சிடி விளையாட்டுகளை மட்டும் பின் (bin), கியூ (cue) என்ற இரட்டைக் கோப்புகளாக எடுப்பது நல்லது. எடுத்த கோப்புகளை எச்டிஎல் பேட்ச் இன்ஸ்டாலர் என்ற கணினி மென்பொருள் வழியாக டிஸ்க்கில் ஏற்றினேன். சாட்டா டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி 3 டாக்கில் வைத்து இதைச் செய்தால் ஒரு விளையாட்டுக்குச் சுமார் ஒரு நிமிடம் ஆகும், அதே 4.7 ஜிபியைக் கன்சோலின் யூஎஸ்பி துளை வழியாக அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பின்னாளில் ஒன்றிரண்டு விளையாட்டுகளைச் சேர்க்க மட்டும், அடாப்டரைக் கழற்றாமல் ஈதர்நெட் வழியாக அனுப்புகிறேன்.

ஏற்றிய விளையாட்டுகளைப் பட்டியலிட்டு இயக்குவது ஓபன் பிஎஸ்2 லோடர் என்ற மென்பொருள். அது வேலை செய்யும் விதம் அழகானது. இந்தக் கன்சோலில் முதன்மைச் செயலியைத் தவிர, உள்ளீட்டு வெளியீட்டு வேலைகளைக் கவனிக்க ஒரு துணைச் செயலியும் இருக்கிறது. முதல் பிளேஸ்டேஷனின் மூளையாக இருந்த அதே செயலிதான், 2 எம்பி நினைவகத்தோடு இங்கே துணைக்கு நிற்கிறது. டிஸ்க்கைப் படிக்கும் நிரல் அதில்தான் ஓடும். லோடர் அந்த நிரலை எடுத்துவிட்டுத் தன் நிரலை வைக்கிறது. விளையாட்டு டிவிடியின் இன்ன இடத்தைக் கொடு என்று கேட்கும். லோடர் ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு ஈடான இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். விளையாட்டுக்கு வித்தியாசமே தெரியாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், லோடரின் நிரல் உட்கார்வதும் அந்த 2 எம்பிக்குள்தான். நினைவகத்தை விளிம்புவரை பயன்படுத்திய விளையாட்டுகளும், டிவிடி பதிலளிக்கும் நேரத்தைத் துல்லியமாக நம்பி எழுதப்பட்டவையும் சில நேரம் கருந்திரையில் நின்றுவிடுகின்றன. இதற்காகவே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே அமைக்கக்கூடிய இணக்க முறைகள் தரப்பட்டிருக்கின்றன. முதல் முறை, படிக்கும் வேகத்தை அசல் டிவிடிக்கு நிகராகக் கட்டுப்படுத்துகிறது. அது பல விளையாட்டுகளைச் சரிசெய்துவிட்டது. இரட்டை அடுக்கு டிவிடிகளுக்கு ஐந்தாவது முறை இருக்கிறது. எல்லா முறைகளையும் ஒன்றாக இயக்கிப் பார்ப்பதில் பயனில்லை. ஒவ்வொன்றாக மாற்றி, எது உதவியது என்று குறித்துக்கொள்வதே சரி.

பலன் என்று பார்த்தால், ஏற்றப்படும் நேரம் எல்லா விளையாட்டுகளிலும் குறைந்தது என்று சொல்ல முடியாது. சிறு சிறு கோப்புகளை டிஸ்க்கின் பல இடங்களிலிருந்து தேடிப் படிப்பவற்றில் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது, ஏனெனில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும் நேரம் மிச்சமாகிறது. படித்ததை விரித்தெடுப்பதிலேயே செயலி நேரத்தைச் செலவிடுபவற்றில் மாற்றம் மிகக் குறைவு. எனக்கு அதைவிட முக்கியமானது, விளையாட்டின் நடுவில் டிஸ்க் படிக்காமல் நின்றுவிடுமோ என்ற கவலை முற்றிலும் நீங்கியதுதான். டிவிடி டிரைவின் உறுமலும் இல்லை. வெப்பத்தைப் பொறுத்தவரை, பின்பக்க விசிறிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன். மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைப்பதை நிறுத்திவிட்டேன். லோடரின் அமைப்புகளில் டிஸ்க் தானாகச் சுழற்சியை நிறுத்தும் நேரத்தையும் அமைத்துவைத்தால், பட்டியலைத் திறந்துவைத்துவிட்டு எழுந்து போகும் நேரங்களில் டிஸ்க்குக்கு ஓய்வு கிடைக்கிறது.

முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளை ஓபன் பிஎஸ்2 லோடர் நேரடியாக ஓட்டாது. அவற்றை மட்டும் இன்னும் கன்சோலின் தட்டில் வைத்தே விளையாடுகிறேன். மற்றெல்லாச் சுமையும் இறங்கிவிட்டதால், நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குகளை அந்த லென்ஸ் ஓரளவு படித்துக்கொடுக்கிறது. சேமிப்புகளுக்கு மெய்நிகர் மெமரி கார்டு வசதியும் லோடரில் உண்டு. ஆனால் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இருந்துகொண்டு, எழுதும் வேலை முழுவதையும் ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ள நான் விரும்பவில்லை. சேமிப்புகள் அசல் 8 எம்பி கார்டிலேயே தொடர்கின்றன. கன்சோலை இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில்தான் போட்டிருக்கிறேன். விளையாடி முடித்ததும் லோடரின் பட்டியலில் உள்ள அணைப்பைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க் சுழன்று அடங்கிய பிறகே பின்பக்க முதன்மை சுவிட்சை அணைக்க வேண்டும் என்று, இதைப் பயன்படுத்தும் என் தம்பி பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.